ஒரு கிண்ணம் சீரியலில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை? காலை உணவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். பாக்கெட்டில் கிராமில் இருப்பதை நாலால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். சமையலறைத் தராசு ஒன்று கையில் இருந்தால் மீதியும் எளிது.

பாக்கெட் சீரியலில் பொதுவாக எவ்வளவு சர்க்கரை இருக்கிறது?

வகைக்கு வகை பெரிய வித்தியாசம். எதுவும் சேர்க்காத ஓட்ஸில் 100 கிராமுக்கு 1 கிராம் அளவுதான், அதுவும் தானியத்திலேயே இருப்பது. சாதா கார்ன் ஃப்ளேக்ஸில் 8 முதல் 10 கிராம். ஓட்ஸும் உலர்பழமும் கலந்த மியூஸ்லியிலும், பாகு சேர்த்து வறுத்த கிரனோலாவிலும் 15 முதல் 25 வரை போகும். தேன் பூசியவையும் சாக்லேட் உருண்டை, சாக்லேட் சிப்பி வகைகளும் 25-லிருந்து 35 வரை. அதாவது சில சாக்லேட் சீரியல்களின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. மாரி பிஸ்கட்டில் இருப்பதைவிட இது அதிகம். ஆனால் நாலு பிஸ்கட் கேட்டால் முறைக்கிற வீட்டிலேயே இது ஒரு கிண்ணம் நிறையப் போகிறது.

இவை நடப்பு அளவுகள்தான். ஒரே நிறுவனத்தின் பெயரில் வரும் இரண்டு டப்பாக்களுக்கு இடையேகூட இருமடங்கு வேறுபாடு இருக்கும். ஒரே பெயரில் வேறு நாட்டில் விற்பதன் அளவும் வேறாக இருக்கலாம். எனவே கையில் இருக்கும் டப்பாவின் லேபிளே கணக்கு.

லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது? நிறைய எண்கள் இருக்கின்றனவே.

'100 கிராமுக்கு' என்ற பத்தியைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் 'ஒரு பரிமாறலுக்கு' என்று இன்னொரு பத்தி இருக்கும். அதில் ஏமாறுபவர்களே அதிகம். சீரியலுக்கு ஒரு பரிமாறல் என்று அச்சிடுவது பெரும்பாலும் 30 கிராம். தராசில் வைத்துப் பாருங்கள்: 30 கிராம் கார்ன் ஃப்ளேக்ஸ் என்றால் 250 மில்லி கப் ஏறக்குறைய நிறையும். மியூஸ்லி கனமானது. அதே 30 கிராம் கப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். கிரனோலா இன்னும் குறைவு. கார்ன் ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுப் பழகிய கிண்ணத்தில் அதே உயரத்துக்கு மியூஸ்லியைக் கொட்டினால் 90 கிராமைத் தொட்டுவிடும். அப்போது லேபிளில் '6 கிராம் சர்க்கரை' என்று போட்டிருப்பது உங்கள் கிண்ணத்தில் 18 கிராம்.

ஒரே ஒரு நாள் செய்தால் போதும். வழக்கமாக ஊற்றும் அளவைக் கிண்ணத்தில் கொட்டி எடை போடுங்கள். அந்த எடையை 100 கிராமுக்கான சர்க்கரையோடு பெருக்கி 100-ஆல் வகுங்கள். உதாரணமாக 60 கிராம் சாக்லேட் சீரியல், 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை: 60 × 30 ÷ 100 = 18 கிராம், நாலரை ஸ்பூன். பால் ஊற்றிய பிறகு மேலே தூவுகிற சர்க்கரை இதில் சேரவில்லை.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்று சொல்ல பிரிட்டனின் நிறக்குறியீடு வசதியான அளவு. 100 கிராமில் 5 கிராம் வரை பச்சை, 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நம் ஊர் டப்பாவில் இந்த நிறங்கள் இருக்காது என்றாலும் எண்களை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

'மொத்தச் சர்க்கரை', 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. எது முக்கியம்?

மொத்தச் சர்க்கரையில் உலர்திராட்சை, பால் பவுடர் போன்றவற்றில் இயல்பாக இருப்பதும் அடங்கும். சேர்க்கப்பட்டது என்பது தொழிற்சாலையில் போட்டது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இரண்டையும் தனித்தனியே காட்டச் சொல்கிறது. முதலில் சேர்க்கப்பட்டதைப் பாருங்கள். பிறகு மொத்தத்தையும் ஒரு பார்வை.

அதே அட்டவணையில் 'தினசரித் தேவையில் இத்தனை சதவீதம்' என்று ஒன்று இருக்கும். அது 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு, ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற அடிப்படையில் போட்ட கணக்கு. 9 கிராம் இருந்தால் 18 சதவீதம் என்று அச்சிடுவார்கள். டப்பாவில் கார்ட்டூன் படம் போட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்கு விற்பதிலும் சதவீதம் பெரியவர் கணக்கில்தான். அந்தப் பிள்ளைக்கு அது உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை பரவாயில்லை?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்: நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்கு அது 50 கிராம், 25 கிராம். சுமார் 1400 கலோரி போதும் என்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கு முறையே 35, 17 கிராம். மேலே போட்ட 18 கிராம் கிண்ணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளி வேன் வருவதற்கு முன்பே சின்ன அளவு முடிந்துவிட்டது. அமெரிக்க இதயச் சங்கம் 2 வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே வேண்டாம், 2 முதல் 18 வயது வரை 25 கிராமுக்குள் என்கிறது.

பாலில் உள்ள லாக்டோஸும் முழுப் பழத்தின் சர்க்கரையும் இந்த வரம்பில் வராது. தேன், சிரப், பழச்சாறு மூன்றும் வரும்.

சேர்மானப் பட்டியலில் சர்க்கரை நாலாவதாகத்தான் இருக்கிறது. அப்படியானால் குறைவுதானே?

அவசரப்பட வேண்டாம். பட்டியல் எடை வரிசையில் எழுதப்படும், அதிகமானது முதலில். ஆனால் இனிப்பை மூன்று பெயர்களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். சர்க்கரை 14, லிக்விட் குளுக்கோஸ் 9, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 என்று இருந்தால் எதுவும் முதலிடத்தில் தெரியாது. கூட்டினால் 28.

பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், கார்ன் சிரப், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம், பேரீச்சை சிரப், பழச்சாறு செறிவு. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று வரும். அது கொஞ்சம் தந்திரக்காரப் பொருள். மாவுச்சத்தை உடைத்துச் செய்வது, நாக்குக்கு இனிப்பு அதிகம் தெரியாது, லேபிளின் சர்க்கரை வரியிலும் பெரும்பகுதி ஏறாது. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸாக ஏறுவதில் சர்க்கரைக்குச் சளைத்ததல்ல.

'நோ ஆடட் சுகர்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அந்த வாசகத்துக்குச் சட்டத்தில் நிபந்தனை உண்டு. எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது, தேன், ஜாம் போல இனிப்புக்காகவே சேர்க்கும் பொருளும் கூடாது. 'லோ சுகர்' என்றால் 100 கிராமில் 5 கிராமுக்குள், 'சுகர் ஃப்ரீ' என்றால் 0.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். இவற்றை ஓரளவு நம்பலாம். ஆனால் உலர்திராட்சையின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. சர்க்கரையே சேர்க்காத மியூஸ்லியிலும் திராட்சையும் பேரீச்சையும் அள்ளிப் போட்டிருந்தால் மொத்தச் சர்க்கரை 15-ஐத் தாண்டும்.

'மல்ட்டி கிரெய்ன்', 'ஆட்டா கொண்டு செய்தது', 'ராகியின் நற்குணம்' போன்றவை வேறு ரகம். அவை சர்க்கரையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ராகி என்று பெரிதாக எழுதியிருந்தால் பட்டியலில் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5, 10 என்று இருந்தால் வியப்பில்லை.

தேனும் வெல்லமும் போட்டது பரவாயில்லையா? வெள்ளைச் சர்க்கரை இல்லையே.

உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த இரும்பு கணிசமாகக் கிடைக்க வேண்டுமென்றால் வெல்லத்தை உருண்டை உருண்டையாகத் தின்ன வேண்டியிருக்கும். மணத்துக்காகப் போடுங்கள், கணக்கில் சர்க்கரையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

சாதா கார்ன் ஃப்ளேக்ஸில் சர்க்கரை குறைவு என்றீர்கள். அதையே தினமும் சாப்பிடலாமா?

சர்க்கரை வரி குறைவுதான். சிக்கல் வேறு இடத்தில். சோளத்தின் தவிட்டையும் முளைக்கருவையும் நீக்கி, வேகவைத்து, உருளைகளுக்கு நடுவே நசுக்கி, சூட்டில் பொரிய விடுவதுதான் கார்ன் ஃப்ளேக்ஸ். இவ்வளவு பாடுபட்ட மாவுச்சத்து வயிற்றில் நொடியில் கரையும். குளுக்கோஸை 100 என்று வைத்து, உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசிமிக் குறியீட்டில் கார்ன் ஃப்ளேக்ஸ் 80-ஐ ஒட்டி நிற்கிறது. மேசையில் இருக்கும் வெள்ளைச் சர்க்கரையின் குறியீடு 65. கார்ன் ஃப்ளேக்ஸ் அதைவிட அதிகம் என்றால் பலர் நம்புவதில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அது நேரடியாக ரத்தக் குளுக்கோஸை ஏற்றாது என்பதால் வரும் வித்தியாசம் இது. அதனால் சர்க்கரை நல்லது என்று ஆகிவிடாது. இனிக்காததெல்லாம் பாதுகாப்பு என்றும் ஆகாது.

30 கிராம் கார்ன் ஃப்ளேக்ஸில் புரதம் 2 கிராமைச் சுற்றி, நார்ச்சத்து சுமார் 1 கிராம். பத்து மணிக்குப் பசிப்பது இதனால்தான். வாரத்தில் ஒருநாள் சாப்பிட வேண்டுமென்றால் 30 கிராமோடு நிறுத்தி, 200 மில்லி பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பாதாம், பாதி வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சர்க்கரை வேண்டாம். பால் ஆறியே இருக்கட்டும். கொதிக்கிற பாலை ஊற்றினால் உடனே கூழாகிவிடும், அதைச் சரிக்கட்டத்தான் பல வீடுகளில் சர்க்கரை போடுகிறார்கள்.

அப்படி ஏன் இவ்வளவு சர்க்கரை போடுகிறார்கள்? சுவைக்கு மட்டும்தானா?

சுவை முதல் காரணம். ஒரே காரணம் அல்ல. வறுக்கும்போது பொன்னிறம் வருவதற்குச் சர்க்கரை உதவுகிறது. பொரித்து முடித்ததும் சிரப்பைத் தெளித்து உலர்த்தினால் அது கண்ணாடிபோல ஒரு பூச்சாகி, பால் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தும். கிண்ணத்தில் கடைசிக் கரண்டி வரை மொறுமொறுப்பு நிற்பது இந்தப் பூச்சால்தான். கிரனோலாவில் கட்டி கட்டியாக ஒட்டி நிற்பதற்கும் இனிப்புப் பாகும் எண்ணெயும்தான் பசை. தானியத்தைவிட மலிவான எடையும் கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த உணவு பிறந்த கதை இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், பேட்டில் கிரீக் ஊரில் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய சுகவாச விடுதியில் 1894-இல் நோயாளிகளுக்காகச் செய்த கோதுமைச் செதில் அது. அண்ணன் சப்பென்ற உணவையே விரும்பியவர். தம்பி வில் கீத் கெல்லாக் சர்க்கரை சேர்க்க வேண்டும் என்றார், 1906-இல் தனிக் கம்பெனியும் தொடங்கினார். 1950-களில் குழந்தைகளுக்கென்று வந்தவற்றுக்கு 'சுகர்' என்று பெயரிலேயே பெருமையாகப் போட்டார்கள். காலம் மாறியதும் பெயரிலிருந்து மட்டும் அந்தச் சொல் போய்விட்டது.

ஓட்ஸ் வாங்குவதென்றால் எந்த ஓட்ஸ்?

கடையில் மூன்று வடிவங்கள். வெட்டிய ஓட்ஸ் வேக 20 முதல் 25 நிமிடம் ஆகும், மெதுவாகச் செரிக்கும். தட்டையான ரோல்டு ஓட்ஸ் 5 முதல் 8 நிமிடம், கிளைசிமிக் குறியீடு 55 அளவில். பொடிசாக நொறுங்கிய இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 2 நிமிடத்தில் வேகும், குறியீடு 79 வரை ஏறிவிடும். தானியம் ஒன்றுதான், எவ்வளவு நொறுக்கினார்கள் என்பதில்தான் எல்லாம். ரோல்டு ஓட்ஸ் நம் காலை அவசரத்துக்கும் சரி, உடம்புக்கும் சரி.

கொலஸ்ட்ரால் குறையும் என்று சொல்வது பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தை வைத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும். 40 கிராம் ஓட்ஸில் கிடைப்பது ஒன்றரை கிராமைச் சுற்றி. ஆக ஒரு கிண்ணத்தால் பாதிதான்.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் கவலை சர்க்கரை அல்ல, உப்பு. சோடியம் வரியைப் பாருங்கள். பெரியவருக்கு நாள் முழுதுக்கும் 2000 மில்லிகிராம்தான் வரம்பு. சாதா ஓட்ஸில் வெங்காயம், கேரட், பீன்ஸ், பச்சைமிளகாய் வதக்கி உப்புமா மாதிரிக் கிளறினால் அதே சுவை வரும். 40 கிராம் ஓட்ஸுக்கு 100 மில்லி தண்ணீர் போதும். கஞ்சிக்கு ஊற்றுவது போல ஊற்றினால் பசையாகிவிடும். ஓட்ஸை முதலில் வெறும் வாணலியில் மூன்று நிமிடம் வறுத்துக்கொள்வது உதிரியாக வரும் ரகசியம்.

வீட்டிலேயே மியூஸ்லி செய்ய முடியுமா?

செய்யலாம், அரை மணி நேர வேலை. ரோல்டு ஓட்ஸ் 250 கிராம், கெட்டி அவல் 50, பாதாம் 40, பூசணி விதை 30, உலர்திராட்சை 30. மொத்தம் 400 கிராம். ஓட்ஸைக் குறைந்த தீயில் 8 நிமிடம் கைவிடாமல் வறுங்கள். நிறம் மாறத் தேவையில்லை, வாசம் வந்தால் போதும். அவலைத் தனியாக, விரலால் அழுத்தினால் நொறுங்கும் வரை. பாதாமை இரண்டாக வெட்டித் தனியாக, விதையைத் தனியாக. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் விதை கருகும்போதுதான் ஓட்ஸ் சூடாகவே தொடங்கியிருக்கும். முழுக்க ஆறிய பிறகு திராட்சையும் ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடியும் கலந்து காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து இரண்டாம் நாளே நமத்துவிடும். 3 வாரம் தாங்கும்.

இதில் 100 கிராமுக்குச் சர்க்கரை 5 முதல் 6 கிராம். பெரும்பாலும் திராட்சையில் இருப்பது.

விட்டமின், இரும்பு எல்லாம் சேர்த்திருக்கிறார்களே, அது நல்லதுதானே?

சேர்த்திருப்பது உண்மை, கெடுதல் இல்லை. சுத்திகரிப்பில் போனதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், சூட்டில் அழியும் விட்டமின்களை வறுத்த பிறகு தெளிக்கிறார்கள். ஆனால் மாத்திரையை இனிப்பில் சுற்றிக் கொடுப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம், யாரும் தெளிக்காமலேயே.

எங்கள் பிள்ளை சாக்லேட் சீரியல் தவிர வேறெதையும் தொடுவதில்லை. எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் டப்பாவை ஒளித்து வைத்தால் மூன்று நாள் அழுகை, நாலாம் நாள் புது டப்பா. மெதுவாகப் போங்கள்.

முதல் வாரம் 30 கிராம் சாக்லேட் சீரியலில் 8 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சாதா கார்ன் ஃப்ளேக்ஸ் அல்லது இனிப்பில்லாத ராகிப் பொரி. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரம் சாக்லேட் கால் பங்கு, மேலே பழுத்த வாழைப்பழத் துண்டுகள். நாலாம் வாரம் சாக்லேட் வகை தூவ மட்டும். நாக்கு இனிப்பு குறைவதற்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் இந்த நிதானம். இடையில் விருந்து, பயணம் என்று ஒரு வாரம் பழையபடி ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், முதலிலிருந்து அல்ல.

சாக்லேட் வாசம்தான் வேண்டும் என்றால் இனிப்பில்லாத கோகோ பொடி அரை டீஸ்பூனும், மசித்த வாழைப்பழம் பாதியும் பாலில் அடித்துச் சாதா ஃப்ளேக்ஸில் ஊற்றலாம். 'டிரிங்கிங் சாக்லேட்' என்று எழுதிய பொடி வேறு, அதில் பெரும்பங்கு சர்க்கரை. வாங்கும்போது மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் காப்பியில் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் எடுபடாது.

கூடவே கொடுக்கும் மால்ட் பானம், ஜூஸ்?

இதுதான் பலர் கணக்கில் விட்டுவிடுவது. மால்ட் பொடிகள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. 20 கிராம் கலக்கினால் 6, 7 கிராம், அதன்மேல் அம்மா போடும் ஒரு ஸ்பூன். சீரியலும் இதுவும் சேர்ந்தால் பிள்ளையின் ஒருநாள் அளவு எட்டு மணிக்கே தீரும். 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை. இப்படிப்பட்ட பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வெறும் பால் போதும்.

ஜூஸ் வேண்டாம், பழமாகக் கொடுங்கள்.

இட்லி, தோசை, பொங்கல் இருக்கும்போது இந்தக் கவலையே வேண்டாம்தானே?

சர்க்கரையைப் பொறுத்தவரை ஆம். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். டப்பா சீரியல் கிடையாது.

ஆனால் நாலு இட்லி, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி என்றால் அது மாவுச்சத்துதான் பெரும்பாலும். ஒரு இட்லியில் புரதம் 2 கிராமுக்குள். நாலுக்குப் பதில் மூன்று இட்லி, இரண்டு குழிக்கரண்டி கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றினால் புரதம் இருமடங்காகும், பசியும் தாங்கும். மாவிலேயே மாற்றலாம்: வழக்கமான 4 பங்கு அரிசிக்கு 1 உளுந்து என்பதற்குப் பதில் இட்லி அரிசி 2, சாமை அல்லது வரகு 1, உளுந்து 1. சிறுதானிய இட்லி ஆறினால் கெட்டிப்படும். அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறவைத்த அவல் சேர்த்தால் மென்மையாக இருக்கும். வெயில் காலத்தில் இந்த மாவு சீக்கிரம் புளிக்கும், 6 மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள்.

நம்மைக் கேட்டால் காலை உணவில் முதல் மதிப்பெண் அடைக்குத்தான். இட்லி அரிசி 200 கிராம், கடலைப்பருப்பு 100, துவரம்பருப்பு 100, உளுந்து 50, காய்ந்த மிளகாய் ஆறு. 3 மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். புளிக்கத் தேவையில்லை. 12 அடை வரும், ஒவ்வொன்றிலும் 5 முதல் 6 கிராம் புரதம். முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னும் நல்லது. நைசாக அரைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெல்லம் தொட்டுச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சத்துமாவுக் கஞ்சி?

வீட்டில் அரைத்ததென்றால் நல்லது. கடையில் வாங்குவதென்றால் அதிலும் பட்டியலைப் பாருங்கள், சர்க்கரையோ பால் பவுடரோ கலந்திருக்கும். கேழ்வரகு 250 கிராம், கம்பு 100, கோதுமை 100, பச்சைப்பயறு 100, பொட்டுக்கடலை 100, சிறு துண்டு சுக்கு. பொட்டுக்கடலை தவிர மற்றதைத் தனித்தனியே வறுத்து, ஆறவைத்து மில்லில் அரைத்துச் சலியுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பாதாமை இதில் சேர்த்தால் எண்ணெய் கசந்து ஒரு மாதத்தில் காறல் வாடை வரும். வேண்டுமென்றால் கஞ்சி காய்ச்சும் அன்று பொடித்துப் போடலாம்.

30 கிராம் மாவை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 200 மில்லி தண்ணீரில் ஊற்றி, குறைந்த தீயில் 7 நிமிடம் கிளறுங்கள். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், கடைசிவரை உடையாது. மோர், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துக் குடித்தால் சர்க்கரைக் கேள்வியே எழாது. வெல்லம் மூன்று ஸ்பூன் போட்டால் சாக்லேட் சீரியலோடு சரிக்குச் சமம்.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி நீர்த்தே இருக்கும், கெட்டிப்படாது. கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி. அதனால் லேசாக இனிக்கும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஏற்றது, நீரிழிவு உள்ளவருக்கு அவ்வளவு ஏற்றதல்ல.

காலையில் பத்தே நிமிடம்தான் இருக்கிறது. என்ன சாப்பிடலாம்?

முதல்நாள் இரவே ஒரு கண்ணாடி டப்பாவில் ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், பால் 120 மில்லி, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு கலந்து பிரிட்ஜில் வையுங்கள். காலையில் பழமும் வேர்க்கடலையும் போட்டுச் சாப்பிடலாம். இன்ஸ்டன்ட் ஓட்ஸில் இதைச் செய்தால் பசைதான் மிஞ்சும். இனிப்பு பிடிக்காதவர்கள் பாலை விட்டுவிட்டு, தயிரை அரை கப்பாகக் கூட்டிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் தயிர்சாதம் போலச் சாப்பிடலாம்.

பச்சைப்பயறு 50 கிராமை 8 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி மறுநாள் காலை வரை விட்டால் முளைவிடும். 5 நிமிடம் ஆவியில் வேகவைத்துத் தாளித்தால் சுமார் 12 கிராம் புரதம். பச்சையாகக் குழந்தைக்கு வேண்டாம், முளைவிடும் ஈரச்சூட்டில் கிருமியும் வளரும். இரண்டு அவித்த முட்டையும் ஒரு கொய்யாவும் இதற்கு ஈடு. அவல் உப்புமா என்றால் வேர்க்கடலை தாராளமாக.

நீரிழிவு இருக்கிறது. சீரியல் சாப்பிடலாமா?

சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒரே உணவு இருவருக்கு ஒரே மாதிரி ஏற்றாது. பொதுவாக கார்ன் ஃப்ளேக்ஸ், பொரி, இன்ஸ்டன்ட் ஓட்ஸ், அரிசிக் கஞ்சி, நீர்த்த ராகிக் கஞ்சி எல்லாம் வேகமாக ஏற்றும். அடை, பெசரட்டு, சுண்டல், முட்டை, காய் பாதிக்குப் பாதி போட்ட கோதுமை ரவை உப்புமா மெதுவாக ஏற்றும். ராகி என்றால் கஞ்சியைவிட அடையாகவோ ரொட்டியாகவோ சாப்பிடுவது மேல்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் காலை மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாகக் குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருந்தால் பதினொரு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிய பிறகு உணவை மாற்றுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்பு போட்ட சீரியல்?

உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல. குழந்தைகளுக்குத் தேவையே இல்லை. இனிப்பு குறைந்தால் பழகிக்கொள்ளும் நாக்கை அதே இனிப்பில் வைத்திருப்பதுதான் இவை செய்யும் வேலை.

பல்லுக்கு என்ன ஆகும்?

பூச்சு போட்ட சீரியல் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒட்டி நிற்கும். வாயில் உள்ள கிருமி அதை அமிலமாக்கும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் (குறையக் குறைய அமிலம் அதிகம்) பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். பால் இல்லாமல் டப்பாவிலிருந்தே கொறிப்பது இன்னும் மோசம், மணிக்கணக்கில் வாயில் சர்க்கரை நிற்கும். சாப்பிட்டதும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல் துலக்குவதை அரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.